எல்டன் விக்ஸ்டிரோமுக்கு நான் கொடுத்த வாக்கு

எங்கள் மாவட்டத்து நூலகத்தில் போருக்குப் போய் வந்தவர்களைப் பற்றி ஒரு தொகுப்பு போடுகிறார்கள். ஆளுக்கு ஒரு பக்கம். எல்டனைப் பற்றிய பக்கத்தை என்னிடம் கேட்டார்கள். எழுதிக் கொடுத்துவிட்டேன். பிறந்தது 1931, கொரியாவுக்குப் போனது 1951, மனைவி லவோன், மாவட்டச் சாலைத் துறையில் முப்பத்து நான்கு ஆண்டு வேலை. அதில் பொய் எதுவும் கிடையாது. ஆனால் விட்டுப்போனது நிறைய இருக்கிறது. அதை எழுதினால் என் மானம் போகும் என்பதால்தான் விட்டேன். இப்போது எழுதுகிறேன்.

என் பெயர் டுவேன். ஸ்டென்லண்டில் வீடு வீடாக எரிவாயு நிரப்பும் லாரி ஓட்டினேன். நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். ஜெர்மனியில் மூன்று வருஷம், போர் எதுவும் இல்லாத காலத்தில், வண்டிகளுக்கு டயர் கணக்கு எழுதினேன். இதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

எல்டன் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். மினசோட்டா மாநிலத்தின் இந்த வடக்கு மூலையில் அந்த வேலை என்றால் பாதி வருஷம் தூக்கம் கிடையாது. எந்தத் தெருவில் பிள்ளைத்தாய்ச்சி இருக்கிறாள், எந்த வீட்டுக் கிழவருக்கு இதய நோய் என்பதெல்லாம் அவர் தலைக்குள் இருக்கும். அந்தத் தெருக்களை முதலில் திறந்துவிட்டுத்தான் மேயர் வீட்டுப் பக்கம் போவார். மேயர் புகார் எழுதினார். எல்டன் அதைப் படித்துவிட்டு அடுத்த வாரமும் அதே வரிசையில்தான் போனார்.

இன்னொரு வேலையும் அவர் தலையில் விழுந்தது. நெடுஞ்சாலையில் மான் அடிபட்டுச் செத்தால் எடுத்துப் போட வேண்டியது சாலைத் துறை. மற்றவர்கள் இன்று யார் முறை என்று சண்டை போடுவார்கள். எல்டன் சண்டைக்கே வரமாட்டார். போவார், கித்தானில் சுற்றுவார், தூக்குவார், வருவார். "மான் விழுந்தா எல்டனைக் கூப்பிடு" என்பது ஊரில் ஒரு பேச்சாகிவிட்டது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டவன் நான்.

அவரிடம் இன்னொரு வினோதமும் உண்டு. சட்டைப் பை, கால்சட்டைப் பை எதிலும் ஒன்றும் வைத்துக்கொள்ள மாட்டார். கைக்குட்டை, மூக்குக் கண்ணாடி, சில்லறை எல்லாம் ரொட்டி வாங்கி வந்த பாலிதீன் உறையில் போட்டு வண்டியின் முன்பக்கம் வைத்திருப்பார். வீட்டுச் சாவி லவோனிடம் இருக்கும். "என்ன எல்டன், நம்ம ஊர்ல பிக்பாக்கெட் பயமா?" என்று காபிக் கடையில் நான் கேட்பேன். மேசையே சிரிக்கும். அவரும் லேசாகச் சிரித்துவைப்பார். எனக்கு அப்போது வாய்க்கொழுப்பு அதிகம்.

ஊரில் முன்னாள் வீரர் யார் செத்தாலும் எங்கள் முன்னாள் வீரர் மன்றத்து மரியாதை அணி போகும். ஏழு பேர். துப்பாக்கி மூன்று முறை முழங்கும், கொடியை முக்கோணமாக மடித்துக் குடும்பத்தாரிடம் கொடுப்போம், பியூகிள் என்ற ஊதுகொம்பில் 'டாப்ஸ்' என்ற இறுதி வணக்க இசை வாசிக்கப்படும். இருபத்து நான்கே ஸ்வரம். கல்நெஞ்சனும் கண்ணைத் துடைப்பான். கொடி மடிக்கிறவர் எல்டன். எத்தனை குளிரானாலும் கையுறை போடமாட்டார்.

முன்பு பியூகிள் வாசித்தவருக்குப் பல்செட் கட்டிய பிறகு வாயில் காற்று நிற்கவில்லை. வேறு ஆள் கிடைக்கவில்லை. அதனால் எல்லா ஊர்களிலும் செய்வதைப் போல நாங்களும் ஒரு கருவியை வாங்கினோம். பியூகிளின் அகன்ற முனைக்குள் செருகிவிட்டால் வெளியே தெரியாது. பட்டனை அமுக்கினால் பதிவு செய்து வைத்த இசை தானே வரும். உதட்டில் வைத்துக்கொண்டு நிற்க உயரமான ஆள் ஒருவன் வேண்டும். என்னைப் பிடித்தார்கள்.

"பட்டனை அமுக்கினதும் அஞ்சு வரைக்கும் எண்ணு. முன்னாடியே கன்னத்தை உப்பிடாத, குட்டு உடைஞ்சிடும்" என்று அணித் தலைவர் ராலி சொல்லிக் கொடுத்தார். "குடும்பத்துக்காரங்க கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டேன். "எதுக்குச் சொல்லணும்? தலையை ஆட்டிட்டு வந்துடு."

தலையை ஆட்டிவிட்டு வந்திருந்தால் தேவலை. முதல் சாவிலேயே மார்டெல் என்ற அம்மாள், அன்றைக்குப் புருஷனைப் புதைத்தவர், என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "எங்கேப்பா கத்துக்கிட்ட இப்படி வாசிக்க?" என்றார். "பள்ளிக்கூட பேண்டுல" என்று சொன்னேன். பள்ளிக்கூடத்தில் நான் ஒரு வருஷம் டிரம்பெட் பிடித்தது உண்மை. கடைசி வரிசையில் உட்கார்ந்து எச்சில்தான் துப்பினேன்.

அன்றிலிருந்து நான் ஊரில் பெரிய வித்வான். பதினோரு வருஷம். மளிகைக் கடையில் நிறுத்திப் புகழ்வார்கள். நினைவு நாளில் மேடையில் பெயர் சொல்லிக் கைதட்டுவார்கள். சொல்ல வெட்கமாக இருக்கிறது, கொஞ்ச நாளில் நானே அதை நம்பவும் ஆரம்பித்துவிட்டேன். ஸ்வரம் மேலே ஏறும்போது புருவத்தை ஏற்றுவேன். அதைக் கண்ணாடி முன் நின்று பழகியிருந்தேன்.

எல்டன் இறப்பதற்கு இரண்டு வருஷம் முன்பு, ஒரு சாவுக்குப் போய்விட்டு அவருடைய வண்டியில் திரும்பிக்கொண்டிருந்தோம். செத்தவரின் சட்டைப் பையில் அவருடைய சீட்டுக்கட்டை மகன் வைத்து அனுப்பியிருந்தான். முன்னால் அந்த ரொட்டி உறை கிடந்தது. எனக்கு நாக்கு அரித்தது. "அந்தப் பையன் பாக்கெட்ல வச்சுப் புதைச்ச மாதிரி உங்களுக்கும் ரொட்டிக் கவரைக் கூட வச்சு அனுப்பிடலாமா?" என்றேன்.

அவர் வண்டியை ஓரம் கட்டினார். கோபப்பட்டுவிட்டார் என்று நினைத்தேன். முன்கண்ணாடியைப் பார்த்தபடியே பேசினார்.

"டுவேன், கொரியாவுல எனக்கு என்ன வேலைன்னு நினைக்கிற?"

"சப்ளைன்னு சொல்வீங்களே."

"அப்படித்தான் சொல்லி வச்சிருக்கேன். செத்தவங்களைத் தூக்கிட்டு வர்ற வேலைடா. தூக்கிட்டு வந்து, பாக்கெட்டைத் துழாவி, யாருன்னு கண்டுபிடிச்சு எழுதணும். பதினாலு மாசம். பாக்கெட்ல என்னென்ன இருக்கும் தெரியுமா? பாதி எழுதின கடுதாசி. சாக்லேட்டு. ஒருத்தன்கிட்ட அவன் பொண்ணோட பால் பல்லு இருந்துச்சு. என் பாக்கெட்டை எவனும் அப்படித் துழாவக் கூடாதுன்னு அப்பவே முடிவு பண்ணினேன்."

மானைப் பற்றிச் சொன்னது, பிக்பாக்கெட் என்று சொன்னது எல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "எனக்குத் தெரியாது எல்டன்" என்றேன்.

"லவோனுக்கே தெரியாது. விடு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும்." அவர் அப்போதுதான் என் பக்கம் திரும்பினார். "எனக்கு அந்த மெஷினை வைக்காத. நீயா ஊது."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"எனக்கு வராது எல்டன். கேட்டா ஜனங்க எந்திரிச்சு ஓடுவாங்க."

"அங்க எங்களுக்கு பியூகிள் ஊத ஆள் கிடையாது. புதைக்கிறப்ப, சமையல்ல பாத்திரம் தேய்க்கிற பையன் ஒருத்தன் நசுங்கின டிரம்பெட்டை வச்சு ஊதுவான். உச்சத்துக்கு ஏறுற இடத்துல தினமும் அவனுக்கு மூச்சு உடையும். ஒரு நாள்கூடச் சரியா வந்ததில்ல. ஆனா அது உடையும்போதுதான், சரி, இந்தப் பயலுக்காக ஒருத்தன் இங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறான்னு எனக்குத் தோணும். உன் மெஷின் நல்லாத்தான் வாசிக்குது. அது யாருக்காகவும் நிக்கலையே."

"சரி, ஊதுறேன்" என்றேன்.

"சத்தியமா?"

"சத்தியமா."

பழகினேன் என்பதை என் பக்க நியாயமாகச் சொல்லவில்லை. பழகியிருந்தும் கடைசியில் அப்படிச் செய்தேனே என்பதுதான் கேவலம். இரண்டு குளிர்காலம் எரிவாயுத் தொட்டிகள் இருக்கும் கொட்டகையில் நின்று ஊதினேன். எல்டன் சில நாள் வண்டியில் வந்து, கண்ணாடியை இறக்கிவிட்டுக் கேட்பார். "அங்க ஏதோ கன்னுக்குட்டி மாட்டிக்கிட்டு கத்துதே" என்பார். பிறகு, "ஆனா இன்னிக்குக் கன்னுக்குட்டி கொஞ்சம் பெருசாயிருக்கு" என்பார். இரண்டாவது வருஷம் நாலு தடவை ஊதினால் மூன்று தடவை முழுசாக வந்துவிடும். உச்சத்தில் மட்டும் கரகரக்கும். அந்த இடம் வரும்போது எல்டன் கண்ணை மூடிக்கொள்வார்.

பிப்ரவரியில் ஆஸ்பத்திரியில் இறந்தார். எண்பத்தேழு வயது. எங்கள் பக்கம் பிப்ரவரியில் தரை இரும்பாக உறைந்திருக்கும். தேவாலயத்தில் பிரார்த்தனையை முடித்து, பெட்டியைக் கல்லறைக் கிடங்கில் வைத்துவிட்டு, அடக்கம் மே மாதம் என்றார்கள். ஆகவே எனக்கு இன்னும் இரண்டரை மாதம் கிடைத்தது. அடக்கத்தன்று வெயில் அடித்தது. காற்றுகூட இல்லை. உதடு விறைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளவும் வழியில்லை.

காலையில் கொட்டகையில் மூன்று தடவை ஊதிப் பார்த்தேன். மூன்றும் வந்தது. கருவியை பியூகிளிலிருந்து கழற்றி லாரியின் முன்பெட்டியில் போட்டேன். வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருக்கலாம். எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்துப்போனேன். அந்த "எதற்கும்" என்ற சொல்லிலேயே முடிவு செய்துவிட்டேன் போலிருக்கிறது.

கல்லறைத் தோட்டத்தில் அறுபது பேருக்கு மேல் இருந்தார்கள். சாலைத் துறை ஆட்கள் பனி வண்டியைக் கழுவிக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தியிருந்தார்கள். நான் என் இடத்துக்குப் போகும்போது மார்டெல் என் சட்டைக் கையைப் பிடித்தார். கைத்தடி ஊன்றியிருந்தார்.

"முட்டி வலி உயிர் போகுதுப்பா. உன் வாசிப்பைக் கேட்கத்தான் வந்தேன். எங்க வீட்டுக்காரருக்கு நீ வாசிச்சது இன்னும் காதுல நிக்குது."

நான் ஏதோ முனகிவிட்டு நகர்ந்தேன். நாலு எட்டு வைத்ததும் நின்றுவிட்டேன். இன்றைக்கு நான் கன்றுக்குட்டி மாதிரி ஊதினால் மார்டெல் என்ன நினைப்பார்? அன்றைக்கு வாசித்தது யார் என்று கேட்பார். அவர் கேட்டால் ஊர் கேட்கும். பதினோரு வருஷமாக என் கையைப் பிடித்து அழுத அத்தனை பேரும் கேட்பார்கள். எல்டனின் அடக்கம் கெட்டுவிடக் கூடாது என்று பயந்தேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. எல்டன் அப்போது என் நினைவிலேயே இல்லை. என் பெயர் மட்டும்தான் இருந்தது.

"கைக்குட்டையை விட்டுட்டேன்" என்று ராலியிடம் சொல்லிவிட்டு லாரிக்குப் போனேன். கருவியைச் செருகிக்கொண்டு திரும்பினேன்.

மூன்று முறை துப்பாக்கி முழங்கியது. நான் பட்டனை அமுக்கி, ஐந்து வரை எண்ணி, கன்னத்தை உப்பினேன். இருபத்து நான்கு ஸ்வரமும் பிசிறில்லாமல் வந்தது. உச்சத்தில் உடையவே இல்லை. பழக்கதோஷம், அந்த இடத்தில் புருவத்தையும் ஏற்றினேன். முன்வரிசையில் லவோன் விம்மி அழுதார்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் சாப்பாடு. பன்றி இறைச்சி சாண்ட்விச், பாலில் வெந்த உருளைக்கிழங்கு, ஜெல்லி, கேக். நான் ஒரு மூலையில் தட்டோடு உட்கார்ந்திருந்தேன். லவோன் என்னைத் தேடி வந்து பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டுவேன், ஆஸ்பத்திரியில எல்டன் எல்லாத்தையும் சொல்லிட்டாரு. கொரியாவுல பார்த்த வேலையை. அப்புறம் அந்த மெஷின் விஷயத்தையும்."

சாண்ட்விச்சைத் தட்டில் வைத்தேன். தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த ஒரு நிமிஷம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

"பயப்படாத, யார்கிட்டயும் மூச்சு விடமாட்டேன்" என்று என் கையைத் தட்டினார். "அவனுக்கு வராது, மோசமாத்தான் இருக்கும், நீ முகம் சுளிச்சிடாத, நான்தான் கேட்டேன்னு சொன்னாரு. நானும் பல்லைக் கடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு பழகியிருக்க நீ! அந்த மெஷினே தோத்துச்சு போ. இத்தனை வருஷத்துல எங்களுக்கு மட்டும்தான் நீ நிஜமா ஊதியிருக்க, இல்ல?"

அவர் கண் என் முகத்திலேயே இருந்தது. அழுது சிவந்திருந்தாலும் அதில் அப்படி ஒரு பெருமை.

"ஆமா" என்றேன்.

லவோன் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய், இன்னொரு துண்டு கேக் கொண்டுவந்து என் தட்டில் வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.