சார், லைன்ல இருக்கியளா?

போன மாதம் வண்ணார்பேட்டையில் ஒரு பயிற்சி வகுப்பு. கல்லூரி ஆசிரியர்களுக்கு ஆன்லைனில் பாடம் எடுக்கச் சொல்லித் தருவது என் பிழைப்பு.

"கேமராவை ஆன் பண்ணுங்க. முகம் தெரியாத குரலை எவ்வளவு நேரம்தான் கேக்க முடியும்?" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். கடைசி வரிசையில் ஒருவர் மட்டும் ஆட்டவில்லை.

சங்கரபாண்டியன் சார். ஆழ்வார்குறிச்சிக்காரர். பொருளாதாரப் பேராசிரியர். வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் படிக்கிறவர்களுக்குச் சனிக்கிழமைதோறும் ஆன்லைனில் வகுப்பு எடுக்கிறார். கேமரா எப்போதும் ஆஃப்.

விடுவேனா நான்? டீ இடைவேளையில் பிடித்துக்கொண்டேன். "ஏன் சார், கூச்சமா?"

வாயைத் திறந்தார். வார்த்தை வரவில்லை. தாடை இறுகியது, கண்கள் மூடின... பிறகுதான் வந்தது.

"எனக்குத் திக்கும் தம்பி. நேர்ல பிள்ளைகளுக்குத் தெரியும், காத்திருக்கும். ஆன்லைன்ல நான் நின்னா நெட் போயிட்டுன்னு நினைக்குதுவ. 'சார், லைன்ல இருக்கியளா'ன்னு கேட்டுட்டுச் சிலது வெளிய போயிருதுவ. நான் அங்கனயேதான் இருக்கேன், ஒரு வார்த்தையோட முட்டிக்கிட்டு. ஆன்லைன் வகுப்பு இந்தப் பருவத்தோட போதும்னு எழுதிக் குடுத்துரலாம்னு பார்க்கேன்."

இதைச் சொல்லி முடிக்க அவருக்கு இடைவேளை முழுவதும் வேண்டியிருந்தது. கூச்சமா என்று கேட்ட என் வாயை என்ன செய்ய?

"முகம் தெரியாததாலதான சார் அவங்க நெட்டுன்னு நினைக்காங்க? ஒரே ஒரு தடவை கேமராவைப் போட்டுட்டு, திக்கும்னு முதல்லயே சொல்லிப் பாருங்களேன்."

வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து போன் வந்தது. "நாளைக்கு வகுப்புல நீங்களும் இருங்க."

இருந்தேன். கேமரா ஆன் ஆனது. இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, வியர்த்த நெற்றி.

"எனக்குத் திக்கும். நான் நின்னா நெட் போயிட்டுன்னு நினைக்காதிய. பைய வந்துருவேன்."

பாடம் ஆரம்பித்தது. பத்தாவது நிமிடத்தில் 'பணவீக்கம்' என்ற சொல்லில் மாட்டிக்கொண்டார். உதடு ஒட்டிக்கொண்டு திறக்கவே இல்லை. திரையில் இருந்த பெயர்களையே பார்த்துக்கொண்டிருந்தேன் — யார் முதலில் போகப்போகிறார்கள்?

யாரும் போகவில்லை. சாட்டில் ஒரு வரி வந்தது: 'இருக்கோம் சார்.' அடுத்து இன்னொன்று. அப்புறம் வரிசையாக.

சொல் வந்தது. பாடம் தொடர்ந்தது. முடிந்தபோது, அம்பாசமுத்திரத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் செல்வி என்ற மாணவி மைக்கை ஆன் செய்தாள்.

"சார், ஒண்ணு சொல்லட்டா? நீங்க நிக்கையிலதான் நாங்க எழுதி முடிக்கோம். மத்த வகுப்புல பாதிதான் எழுத முடியுது."

சார் சிரித்தார். அந்தச் சிரிப்பை மாணவர்கள் முதல் முறையாகப் பார்த்தார்கள். எழுதிக் கொடுக்கும் பேச்சை அவர் அப்புறம் எடுக்கவே இல்லை.

நானும் இப்போது பயிற்சியில் நடுநடுவே பேச்சை நிறுத்திப் பார்க்கிறேன் — இத்தனை வருடமும் யாரும் குறிப்பெடுக்காமல் தலையை மட்டும் ஏன் ஆட்டினார்கள் என்று புரிகிறது.