சாவுக்குப் போகும் பாவமும் என் தங்கை புருஷனும்

வீட்டுக்காரம்மா, திராட்சைத் தோட்டத்துக்குக் கொடி வெட்டும் கவாத்து வேலைக்குப் போகிறவர். அவர் மருமகள், கையில் பைபிளோடு. மடத்திலிருந்து வந்த சிஸ்டர். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அவர் மனைவி. செருப்புகள் கிடந்த வாசல் ஓரம் என் தங்கை புருஷன். சுவரில் சாய்ந்து, காலை நீட்டியபடி நான்.

ராயப்பன்பட்டியில் எங்கள் தெரு ஜெபக்குழு, கோயிலில் அன்பியம் என்பார்கள், இவ்வளவுதான். இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு, சாயங்காலம், யாராவது ஒருவர் வீட்டில் கூடுவோம். வேதத்தில் ஒரு பகுதி வாசிப்போம். பேசுவோம். கடைசியில் ஆளுக்கொரு மன்றாட்டு சொல்வோம்.

என் தங்கை புருஷன் அன்றுதான் முதல் தடவையாகக் கூட்டத்துக்கு வந்தார். ஜெயிலிலிருந்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது.

அவர் ஜீப் ஓட்டினவர். விடிகாலையில் பெண்களை ஏற்றிக்கொண்டு கம்பம்மெட்டு வழியாகக் கேரளாப் பக்கம் ஏலத்தோட்டத்துக்குப் போவார். ஒருநாள் கொண்டை ஊசி வளைவில் ஜீப் சாய்ந்து பள்ளத்தில் விழுந்தது. என் தங்கை அங்கேயே செத்தாள். என் இடது கால் நொறுங்கியது. மற்றவர்களுக்கு அடி, தையல். அளவுக்கு மேல் ஆள் ஏற்றினார் என்று அவர் மேல் கேஸ். தண்டனை கிடைத்தது.

அவர் உள்ளே இருந்த காலத்தில் நான் அவருக்காக ஒருநாளும் வேண்டியதில்லை. படுக்கப் போகுமுன் குடும்பத்தில் எல்லார் பேரையும் வரிசையாகச் சொல்வேன். அவர் பேர் வரும் இடத்தில் தாண்டிப் போய்விடுவேன். தங்கச்சியைக் கொன்ற ஆளுக்கு என்னத்தைக் கேட்பது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்றைய வாசகம் யோவானின் முதல் திருமுகம், கடைசிப் பக்கம். மருமகள் வாசித்தாள். சகோதரன் பாவம் செய்வதைப் பார்க்கிறவன் அவனுக்காகக் கேட்க வேண்டும், கடவுள் அவனுக்கு உயிர் கொடுப்பார் என்று வந்தது. ஆனால் அது சாவுக்குக் கொண்டுபோகாத பாவமாக இருக்க வேண்டும். சாவுக்குக் கொண்டுபோகும் பாவமும் உண்டு, அதற்காக வேண்டச் சொல்லவில்லை என்றும் வந்தது.

எனக்கு நெஞ்சு லேசானது. வேதமே என் பக்கம் நிற்கிறது. அவரைப் பார்க்காமல் கேட்டேன்.

“அப்ப சில பேருக்கு வேண்டவேணாம்னுதேன போட்டிருக்கு, சிஸ்டர்?”

யாரைச் சொல்கிறேன் என்று எல்லாருக்கும் தெரியும். வாசல் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை.

சிஸ்டர் மருமகளிடமிருந்து பைபிளை வாங்கி அந்த வரியை மறுபடி வாசித்தார்.

“இந்த எடம் எனக்கும் கஷ்டந்தாம்மா. பெரிய படிப்பு படிச்சவகளே ஆளுக்கொண்ணு சொல்றாக. கடவுளே வேணாம்னு கடைசிவரை உதறுறதத்தான் யோவான் சொல்றார்னு சிலர் சொல்றாக. எந்தப் பாவம் எந்த வகைன்னு அவர் பட்டியல் போடல.”

“போடாததே நல்லது சிஸ்டர்” என்றார் கண்டக்டர். “போட்டிருந்தா மொத வேலையா பக்கத்து வீட்டுக்காரன் பேரத்தேன் அதுல தேடுவோம்.”

“ஒங்க பேரத் தேடவே வேணாம். மொத வரியிலயே இருக்கும்” என்றார் அவர் மனைவி.

சிரித்தார்கள். சிஸ்டரும் சிரித்துவிட்டுச் சொன்னார்.

“எனக்கு வெளங்குனது இவ்வளவுதான். அடுத்தவக பாவத்தப் பாத்தா ஊருக்குச் சொல்லுன்னு இங்க இல்ல. அவுகளுக்காகக் கேளுன்னு இருக்கு.”

மன்றாட்டு தொடங்கியது. வீட்டுக்காரம்மா, பூப்பிடித்த கொடியில் மழை விழக்கூடாது என்று கேட்டார். கண்டக்டர் தன் சர்க்கரை வியாதிக்குக் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ‘கேட்டருளும்’ என்றோம். பிறகு வாசலிலிருந்து குரல் வந்தது.

“எங்க மதினிக்காக. உள்ள இருந்தப்பவும் தெனம் கேட்டேன். இப்பவும் கேக்குறேன். அவுகளுக்கு உசுரு குடுக்கணும், ஆண்டவரே.”

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள். ‘கேட்டருளும்’ என்றார்கள்.

அவர் என் காலைச் சொல்லவில்லை.

அந்த ஜீப்புக்கு ஆள் சேர்க்கிறவள் நான்தான். அன்று காலை வண்டி நிறைந்துவிட்டது. அவர் முன்பக்கம் பானட்டைத் திறந்து தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னை மட்டும் அங்கே கூப்பிட்டு, மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னார். “போதும் மதினி. இதுக்கு மேல ஏத்துனா வளைவுல வண்டி நிக்காது.” அடுத்த தெருப் பெண்கள் தூக்குவாளியோடு நின்றார்கள். விட்டுப்போனால் அன்று அவர்களுக்கு வேலை இல்லை. “ஒண்ணும் ஆகாது, எடுங்க தம்பி” என்றேன். பின்னால் போய் அவர்களை ஏறச் சொன்னேன். அவர் சரி என்றதாகவே நினைத்து ஏறினார்கள். அவர்களுக்கு இடம் விட்டு என் தங்கை எழுந்து பின்படியில் நின்றாள்.

போலீஸ் கேட்டபோது, “நான்தேன் ஏத்துனேன்” என்றார். கோர்ட்டிலும் அதையே சொன்னார். என்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் வந்து கேட்டார்கள். தெரியாது என்றேன்.

அவர் பாவம் எந்த வகை என்று நான் வேதத்தில் தேடிக்கொண்டிருந்தேன். என் பாவத்தைப் பார்த்தவர் ஒரே ஆள். அவர் அதை யாரிடமும் சொல்லவில்லை. மனைவியை இழந்து, கம்பிக்குள் உட்கார்ந்து, எனக்கு உயிர் கேட்டிருக்கிறார். தினமும்.

மலையடியில் பிறந்து வளர்ந்தவள் நான். எந்த மலையைப் பார்த்தும் அசந்து நின்றதில்லை. அன்று, செருப்புகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனுசனை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது. கடவுள் அங்கே இருந்தார் என்று எடுத்துச் சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. மூச்சைச் சத்தமாக விடவே பயமாக இருந்தது.

அடுத்தது என் முறை. சுவரைப் பிடித்து எழுந்தேன். உட்கார்ந்தே சொல்லலாம் என்றார் சிஸ்டர். நின்றேன்.

“எந் தங்கச்சி மாப்ளைக்காக” என்றேன். பேர் சொல்லிச் சொன்னேன். “அன்னைக்கு அவரு வேணாம்னுதேன் சொன்னாரு. நான்தேன் ஏத்துனேன்.”

‘கேட்டருளும்’ என்று யாரும் சொல்லவில்லை. அவர் மட்டும், வேண்டாம் மதினி என்பதுபோலத் தலையை ஆட்டினார். வீட்டுக்காரம்மா என் முழங்கையைப் பிடித்துக்கொண்டார்.

கண்டக்டர் மெல்லக் கேட்டார். “அவரு வேணாம்னதுக்கு மேல எத்தன பேர ஏத்துன, ஆத்தா?”

அதை என் வாயால் நான் சொன்னதே இல்லை. எண்ணிப் பார்க்க வேண்டியதில்லை. ஒவ்வொரு முகமாகத் தெரியும்.

“நாலு பேர்.”