தண்ணீர் எங்கே போகிறது

அறுபதுகளின் தொடக்கத்தில் கன்னிவாடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், வீடு வீடாகப் போய்ச் சுகாதாரம் சொல்லிக்கொடுக்கும் கிராம சேவிகாவாக அரசு வேலைக்குச் சேர்ந்தேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது உறிஞ்சுகுழி. மார்பளவு ஆழத்துக்குக் குழி வெட்டி, அடியில் பெருங்கல்லும் அதன்மேல் செங்கல் துண்டும் மணலும் போட்டு, குளித்த தண்ணீரையும் பாத்திரம் கழுவிய தண்ணீரையும் அதில் விட்டால் பூமி குடித்துவிடும். தெருவில் சாக்கடை தேங்காது.

முதல் குழியைத் தோட்ட வேலை செய்யும் ஓர் அக்காவின் வீட்டில் வெட்டினோம். அவர் வீட்டுக் கழிவுத் தண்ணீர் அடுத்த வீட்டு வாசலில் போய் நின்றதால், இரண்டு வருஷமாக அந்த வீட்டம்மாவோடு பேச்சுவார்த்தை இல்லை. குழி வந்தால் சண்டை ஓயும் என்று சொல்லித்தான் அக்காவைச் சம்மதிக்க வைத்திருந்தேன்.

மூன்றாவது வாரமே குழி நிரம்பி வழிந்தது.

எனக்கு அந்தத் தெருப்பக்கம் போகவே கூச்சமாக இருந்தது. அக்கா கோபப்படவில்லை. உள்ளே என்னதான் ஆகியிருக்கிறது, பார்த்துவிடலாம் என்று மண்வெட்டியோடு நின்றார். மணலை வழித்தபோது மேலே சாம்பலும் கஞ்சியும் எண்ணெயும் சேர்ந்து ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினோம். அப்போதும் இறங்கவில்லை. அடியில் பிசுபிசுவென்று கரிசல்.

"கடலைக் காட்டுல நிக்காத தண்ணி பருத்திக் காட்டுல நிக்கும்ல, டீச்சரம்மா. மண்ணப் பாக்காம வெட்டிட்டோம்," என்றார்.

பயிற்சியில் இதை யாரும் சொல்லவில்லை. எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மறுநாள் காலையில் அவர் கொல்லையில் மூன்று இடத்தில் கடப்பாரையால் துளை போட்டு, துளைக்கொரு குடமாக ஊற்றிவிட்டுக் காத்திருந்தோம். மதியம் வரை மூன்றிலும் தண்ணீர் அப்படியே நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு உள்ளே போய்த் தன் கடப்பாரையை எடுத்துவந்து, தன் கொல்லையில் ஒரு துளை போட்டுக் குடத்தைக் கவிழ்த்தார். நாங்கள் வேலியோரம் போய் எட்டிப் பார்ப்பதற்குள் தண்ணீரைக் காணோம். அங்கே சரளை மண்.

இரண்டு வீட்டுக்கும் சேர்த்துத் தன் கொல்லையிலேயே குழி வெட்டிக்கொள்ளலாம் என்று அவர் என்னிடம்தான் சொன்னார், அக்காவிடம் இல்லை. கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்.

"இம்புட்டுத் தண்ணியும் எங்கிட்டுப் போகும்? என் கெணத்துக்கு வந்துச்சுன்னா?"

கிணற்றிலிருந்து எவ்வளவு தள்ளி வெட்ட வேண்டும் என்று பாடத்தில் இருந்தது. அந்த அளவுக்குமேலேயே தள்ளி இடம் பார்த்தோம். ஆனாலும் மண்ணுக்குள் தண்ணீர் எந்தப் பக்கம் நடக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்றே சொன்னேன்.

குழி வெட்டி முடிந்ததும் அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். வேட்டிக்குப் போடும் நீலத்தை வாளி நிறையக் கரைத்துக் குழியில் ஊற்றினார். தினமும் காலையில் கிணற்றுத் தண்ணீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் மொண்டு வெயிலில் பிடித்துப் பார்த்தார். அக்கா தன் பங்குக்கு ஓட்டைப் பானையில் தேங்காய் நாரை அடைத்துக் குழியின் வாயில் வைத்தார். பிசுக்கு நாரிலேயே தங்கிவிட்டது. வாரம் ஒருமுறை நாரை அலசிப் போட்டார்.

இருவரும் எப்போது பேச ஆரம்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாது. ஒருநாள் நான் போனபோது அடுத்த வீட்டம்மா கிண்ணத்தை வேலிக்கு மேலே நீட்டி, "இன்னிக்கும் வெள்ளையாத்தான இருக்கு, நீயே பாரு," என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

நீலம் வரவில்லை என்பதால் மட்டும் கிணறு சுத்தம் என்றாகிவிடாது என்று பல வருஷம் கழித்துத்தான் படித்துத் தெரிந்துகொண்டேன். அன்றைக்கு எங்கள் மூவருக்கும் அதுவே போதுமான பதிலாக இருந்தது.

மழை முடிந்ததும் அடுத்த தெருவில் குழி கேட்டார்கள். மூவருமாகக் கடப்பாரையும் குடமுமாகப் போனோம். முதல் வீட்டில் தண்ணீர் சட்டென்று இறங்கியது. இரண்டாவது வீட்டில் முழங்கை ஆழத்திலேயே பாறை.