சோம்புத் தட்டுச் சில்லறை

வங்காளத்து டாக்குரியாவில் காலையிலிருந்தே மழை. தோசைப் பொட்டலத்தைக் கொடுத்த டெலிவரிக்காரர், வாசலில் நின்று ரெயின்கோட்டை உதறிக்கொண்டிருந்தார். பொட்டலத்தோடு வந்த சோம்புப் பாக்கெட்டைக் கிழித்த என் மகள், நான் பர்ஸைத் திறப்பதைப் பார்த்து, "டிப்ஸ் எதுக்கும்மா? அவருக்குத்தான் கம்பெனி குடுக்குதே," என்றாள்.

எனக்கு அந்தச் சோம்பு, அப்பாவின் சட்டைப் பை வாசனை. அப்பா இதே ஊரில் ஒரு தமிழ் ஓட்டலில் பரிமாறினார். பில்லோடு வைக்கும் சோம்புத் தட்டில்தான் டிப்ஸ் விழும். மதியம் வீட்டுக்கு வந்ததும் பையைப் பாயில் கவிழ்ப்பார். காசோடு வந்த சோம்பை நான் பொறுக்கித் தின்பேன். அப்பா ஒவ்வொரு காசுக்கும் ஆளைச் சொல்வார்.

"இது நெய் ரோஸ்ட் பாபு வெச்சது. இது, சாம்பாரக் குடிச்சிட்டு மறுபடியும் கேக்குமே, அந்த தீதி."

எனக்குப் பள்ளிக்கூட ஷூ வாங்கித் தந்தவர்கள் அந்த வங்காளி ஐயாக்களும் அக்காக்களும்தான்.

டெலிவரிக்காரரைக் கூப்பிட்டு ரூபாயைக் கையில் வைத்தேன். சிரித்துவிட்டுப் படியிறங்கினார்.

இன்று அவர் வீட்டில் எனக்கு என்ன பெயரோ!