முள்ளும் புகைபோக்கியும்

ஆலையின் கொதிகலன் அறையில் அவருக்கு 'முள்ளுக்காரர்' என்று பெயர். நீராவி அழுத்தத்தைக் காட்டும் மானியின் முள்ளை விட்டு அவர் கண் நகராது. சாயம் போடும் பக்கத்தில் யாராவது வால்வைத் திறந்தால் முள் ஒரு மயிரிழை இறங்கும். அவர்கள் வந்து சொல்வதற்குள் இவர் கரியை அள்ளிப் போட்டு முடித்திருப்பார். "முள்ளு இறங்கினா எனக்கு மூச்சு முட்டுதுப்பா" என்பார். அப்போது அது வேடிக்கைப் பேச்சு.

கரித்தூசியும் பீடியும் சேர்ந்து நுரையீரலைத் தின்ற பிறகு அது வேடிக்கையாக இல்லை. ஓய்வு பெற்ற சில வருடங்களில், அறைக் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் பெட்டி ஒன்று அவர் கட்டிலருகே வந்து நின்றது. அதில் ஒரு கண்ணாடிக் குழாய், குழாய்க்குள் ஒரு சிறு குண்டு, கீழே ஒரு குமிழ்; குமிழைத் திருப்பினால் ஆக்சிஜன் கூடும், குண்டும் ஏறும். கூடவே, ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று எண்ணில் காட்டும், விரலில் மாட்டும் கிளிப்பும் வந்தது.

கிளிப்பை அவர் விடவில்லை. மனைவியின் விரலில் மாட்டினார். பார்க்க வந்த மகளின் விரலில் மாட்டினார். மகள் நகத்தில் கருநீலச் சாயம் பூசியிருந்தாள், எண் தாறுமாறாக வந்தது. "நீ உயிரோட இருக்கறதே அதிசயம்மா" என்றார். பென்சிலில் மாட்டிப் பார்த்தார், ஒன்றும் காட்டவில்லை. குளிர்ந்த தண்ணீரில் கையை வைத்துவிட்டு மாட்டினால் வெகுநேரம் தேடியது.

வாரம் ஒருமுறை வீட்டுக்கு வரும் நர்ஸிடம் கேட்டார். "ஊசி குத்தாம ரத்தத்துக்குள்ள எப்படிம்மா பார்க்குது?"

"ரெண்டு வெளிச்சம் இருக்குங்கய்யா. ஒண்ணு சிவப்பு, இன்னொண்ணு நம்ம கண்ணுக்குத் தெரியாது. ஆக்சிஜன் ஏறின ரத்தம் சிவப்பை விட்டுடும், ஏறாத ரத்தம் பிடிச்சு வச்சுக்கும். விரலுக்கு அந்தப் பக்கம் எது எவ்வளவு வந்து சேருதுன்னு பார்த்துக் கணக்குப் போடுது."

"நாடி துடிக்கிற ரத்தத்தை மட்டுமா?"

"அட, ஆமா. அதான் கை சில்லுன்னு இருந்தா தடுமாறுது." கிளம்பும்போது அவள் வழக்கம்போல் சொன்னாள். "உங்களுக்குத் தொண்ணூறு போதும். எண்பத்தெட்டுக்கும் தொண்ணூத்திரண்டுக்கும் நடுவுல இருக்கணும். குண்டு ஒண்ணுல நிக்கட்டும், குமிழைத் தொடாதீங்க."

தலையாட்டினார். ஆனால் மனைவிக்குத் தொண்ணூற்றெட்டு, அவருக்குத் தொண்ணூறு. இறங்கிய முள்ளைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்து பழகாத மனிதர். மனைவி அடுக்களைக்குப் போன ஒரு சமயம் குமிழைக் கொஞ்சம் திருப்பினார். எண் ஏறியது. மறுநாள் இன்னும் கொஞ்சம். தொண்ணூற்றேழு வந்தபோது அன்று முழுக்கப் பாட்டு முணுமுணுத்தார்.

சில நாட்களில் காலையில் தலைவலி வந்தது. பிறகு தட்டை முன்னால் வைத்துக்கொண்டே கண் செருகியது.

"ஏங்க, சாப்பிடும்போதா தூங்குவாங்க?"

"நம்பரைப் பாரு. உனக்குப் போட்டியா வந்துட்டேன், அதான் வயிறெரியுது."

ஒரு முற்பகலில் தண்ணீர் டம்ளருக்குக் கை நீட்டினார். மணிக்கட்டிலிருந்து கை பறவைச் சிறகுபோல் படபடத்தது. மனைவியைப் பார்த்து, "போர்மேன் சார், கரி வந்துடுச்சா?" என்றார். அவள் கிளிப்பைப் பார்த்தாள். தொண்ணூற்றேழு. ஆளைப் பார்த்தாள். ஆளைத்தான் நம்பினாள்.

போனில் நர்ஸ் ஒரே கேள்வி கேட்டாள். "குண்டு எங்க நிக்குது?"

"நாலுல."

"ஒண்ணுக்கு இறக்குங்க. நிறுத்திடாதீங்க. எண்பத்தெட்டுக்குக் கீழ போனா உடனே சொல்லுங்க. ஆம்புலன்ஸ் அனுப்பறேன்."

மருத்துவமனையில் மணிக்கட்டுத் தமனியில் ரத்தம் எடுத்தார்கள். முகத்தில் இறுக்கமான முகமூடி போட்டு, மூச்சோடு சேர்ந்து காற்றை உள்ளே தள்ளும் இயந்திரத்தை இணைத்தார்கள். மறுநாள் முகமூடியைச் சற்றுக் கழற்றியதும் அவர் டாக்டரம்மாவிடம் முதலில் கேட்டது: "முள்ளு பொய் சொல்லுச்சா?"

"சொல்லலைங்கய்யா. ஆக்சிஜன் ரத்தத்துல போய்ச் சேர்ந்துச்சான்னு மட்டும்தான் அதுக்குத் தெரியும். வெளிய போகவேண்டிய கரியமில வாயு போச்சான்னு தெரியாது. அதுக்குத்தான் தமனி ரத்தம். மூச்சு தோத்துப்போறது ரெண்டு விதம். உள்ள வர்றது குறையறது ஒண்ணு. வெளிய போறதும் தேங்கிடறது இன்னொண்ணு. உங்களுது ரெண்டாவது."

அவர் கூரையைப் பார்த்தபடி யோசித்தார். "மானியில முள்ளு ஜோரா நிக்குது. புகைபோக்கி அடைச்சிருக்கு."

"அதேதான்."

"சரி, ஆக்சிஜனைக் கூட்டினா அது ஏன் அடைக்கணும்?"

டாக்டரம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "காத்தே போகாத மூலைகள் உங்க நுரையீரல்ல இருக்கு. உடம்பு புத்திசாலி, அங்க ரத்தத்தை அனுப்பாம மடக்கி வச்சிருந்துச்சு. நீங்க ஆக்சிஜனைக் கூட்டினதும் அந்த வழியும் திறந்துக்கிச்சு. அங்க போன ரத்தம் கழிவை இறக்காமலே திரும்பிடுது. இது ஒரு காரணம், இன்னும் இருக்கு. இப்ப நான் கேக்கறேன். குமிழைத் தொட மாட்டேன்னு சொல்லுங்க, வீட்டுக்கு அனுப்பறேன். மறுபடி இப்படி ஆனா திரும்பி எழுந்திருப்பீங்கன்னு என்னால சொல்ல முடியாது."

மனைவி அவர் வாயையே பார்த்தாள். அவர் சத்தியம் எதுவும் செய்யவில்லை.

"என் கையை நம்பாதீங்கம்மா. கொதிகலன்ல பாதுகாப்பு வால்வுக்குக் கம்பி கட்டி ஈய முத்திரை வைப்பாங்க. எங்க மேல சந்தேகம்னு இல்ல. முள்ளைப் பார்த்தா கை சும்மா இருக்காது, அதான். இதுக்கும் வைங்க."

வீட்டுக்கு வந்து பார்த்தால், அந்தப் பெட்டியிலேயே குமிழைப் பூட்டும் திருகு ஒன்று இருந்தது. குண்டை ஒன்றில் நிறுத்திப் பூட்டி, சாவியை நர்ஸ் எடுத்துக்கொண்டாள். அது போதாதென்று அவர் மெல்லிய கம்பியால் ஒரு சுற்றும் சுற்றச் சொன்னார். மனைவி சுற்றினாள். "இறுக்கமா முறுக்கு" என்று பக்கத்திலிருந்து மேற்பார்வை வேறு.

இப்போது காலையில் எழுந்ததும் கிளிப்பை மாட்டுவதற்கு முன்னால் இரண்டு கைகளையும் முன்னே நீட்டி, உள்ளங்கையை வெளிப்பக்கம் நிமிர்த்திப் பிடிக்கிறார், சுவரைத் தள்ளுகிறவர்போல.

"ஆடுதா?"

"ஆடலை. தலை வலிக்குதா?"

"இல்ல."

"நான் யாரு?"

"கொதிகலன் இன்ஸ்பெக்டர்."

அவள் ஒரு கணம் அவர் முகத்தை உற்றுப் பார்க்கிறாள். உதட்டோரம் சிரிப்பு தெரிந்த பிறகுதான் கிளிப்பை எடுத்துக் கொடுக்கிறாள்.