நண்டுக்கு நேராகப் பூஜ்யம்

செய்யாத ஒரு காரியத்தைச் செய்யவில்லை என்று எப்படிக் காட்டுவது? எதிர்வீட்டு மார்கரெட் அக்கா இதைக் கேட்டபோது, ப்ளஸ் டூவோடு படிப்பை நிறுத்தியிருந்த எனக்குப் பதில் தெரியவில்லை. மறுநாள் அவரே கண்டுபிடித்துக்கொண்டு வந்தார்.

மார்கரெட்டுக்கு நாற்பத்தொரு வயது. பிறந்தது கருங்குழி; வாழ்க்கைப்பட்டது கடலோரச் சதுரங்கப்பட்டினம். அப்பா அம்மா அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள். செங்கல்பட்டில் பழைய பத்திரங்களை ஸ்கேன் செய்யும் ஒரு தனியார் அலுவலகத்தில் பெருக்கித் துடைக்கச் சேர்ந்தவர், பார்த்துப் பார்த்தே வேலையைக் கற்று, நாலு வருடத்தில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டார். அந்த நாற்காலிக்குத்தான் இப்போது ஆபத்து.

தலைமை அலுவலகத்திலிருந்து மெயில் வந்திருந்தது. ஸ்கேனர் மாட்டிய பொதுக் கம்ப்யூட்டரில் ஜூலைக் கடைசியிலிருந்து யாரோ தினமும் விளையாடுகிறார்களாம். ஆள் பெயர் வேண்டுமாம். அதுவும் என்ன விளையாட்டு! ஊதா நிறத்தில் ஒரு பொம்மைக் குண்டன் வாயைப் பிளந்துகொண்டு நிற்பான். செருப்பு, சோப்பு, டயர் என்று கீழே கிடப்பதை இழுத்து அவன் வாயில் போட்டால், விழுங்கி ஏப்பம் விடுவான். அவ்வளவுதான்.

மேலாளர் லக்ஷ்மிநாராயணன் மார்கரெட்டை மட்டும் கூப்பிட்டார்.

"சாப்பாட்டு நேரத்துல அந்த சிஸ்டம்கிட்ட நீங்கதானே இருக்கேள்?"

"அங்கதான் சார் ஃபேன் கீது. குந்தி துன்றதோட சரி."

"நாளைக்குள்ள ஒத்துண்டு எழுதிக் குடுத்துடுங்கோ. இல்லேன்னா மறுபடி துடைப்பத்தைத்தான் எடுக்கணும்."

அன்று முழுக்க மார்கரெட்டுக்கு நிலைகொள்ளவில்லை. பக்கத்து சீட்டு ஸ்ரீதேவி ஏன் இன்று தலையே நிமிரவில்லை? நாமே தெரியாமல் எதையாவது அழுத்தித் தொலைத்தோமா? இரவு என்னிடம் வந்து அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மறுநாள் ஸ்ரீதேவி வரும்வரை காத்திருந்து, அவளைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு விளையாட்டைத் திறந்தார். குண்டனின் தொப்பையைத் தொட்டதும், அவன் இதுவரை தின்ற கணக்கு விரிந்தது. செருப்பு 212. சோப்பு 187. டயர் 95. கீழே வரவர மார்கரெட்டின் கண் நின்றுவிட்டது. மீன் 0. முட்டை 0. கோழிக்கால் 0. நண்டு 0.

"நண்டுக்குத்தான் ஐம்பது பாயிண்ட்டு. செருப்புக்கு ரெண்டு. அப்பயும் ஒரு நண்டு போடல பாரு," என்ற மார்கரெட், சட்டென்று திரும்பினார். "ஏண்டி, புரட்டாசிக்கு நீதான் கவுச்சி தொட மாட்டியே?"

"ஐயே! இது ஆடிலேர்ந்து கீது. ஆடிக்கூழுக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தது யாரு? வழிச்சித் துன்னது யாரு? ஆள பாரு ஆள!"

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். அந்த அலுவலகத்தில் மொத்தமே மூன்று பேர்.

லக்ஷ்மிநாராயணன் உள்ளே வந்தார். "எழுதியாச்சா?"

மார்கரெட் திரையைக் காட்டினார். "நான் சதுரங்கப்பட்டினத்துல வாக்கப்பட்டவ சார். ஐம்பது பாயிண்ட்டு நண்ட வுட்டுட்டு செருப்பப் போடுவனா?"

ஸ்ரீதேவி சிரிப்பை இருமலாக்கினாள். மேலாளர் அந்தப் பூஜ்யங்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "இதெல்லாம் ஒரு அத்தாட்சியா?" என்றார், குரல் இறங்கி.

"இல்ல சார். ஆனா பக்கத்துல குந்திகினு சோறு துன்னது மட்டும் அத்தாட்சியா?"

மேலாளர் உட்கார்ந்து மெயில் அடித்தார். மார்கரெட் பின்னாலேயே நின்று எழுத்தெழுத்தாகப் படித்தார். 'விசாரித்தேன். மார்கரெட் விளையாடவில்லை.' அது போய்ச் சேர்ந்ததாகத் திரை சொல்லும்வரை நகரவில்லை. ஒரு பிரதி எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்ட பிறகுதான் தன் நாற்காலியில் உட்கார்ந்தார்.

விளையாடியது யார் என்று அந்த மெயிலில் இல்லை. ஒருவர் தட்டில் இல்லாததை வைத்து ஆளைப் பிடிப்பதும் முழு நியாயமில்லை என்று மார்கரெட்டுக்கே தோன்றியதால், அவரும் கேட்கவில்லை.

உங்கள் அலுவலகத்திலும் முதல் சந்தேகம் எப்போதும் ஒரே ஆள்மேல் விழுகிறதா? தயவுசெய்து இதை அவருக்கு அனுப்புங்கள். சந்தேகப்படுகிறவருக்கும் அனுப்புங்கள்.