அந்துருண்டை போட்ட அம்பாசிடர்

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ரோட்டுப் பள்ளம் எதிரி இல்லை. டீக்கடையில் யோசனை சொல்கிறவன்தான் எதிரி. காரைக்கால் தலத்தெருவில் நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே பெட்ரோலை மிச்சம் பிடிக்க வழி சொன்னீர்களே ஐயா, உங்களைத்தான் சொல்கிறேன். என்னைப் போல் ஏமாந்த டிரைவர்களே, நீங்களும் கேளுங்கள்.

பீரோ வாசனை

டேங்கில் அந்துருண்டை போட்டால் மைலேஜ் கூடும் என்றீர்கள். நான் பேரம் பேச வந்தாலே கடைக்காரர்களுக்குக் கடையைச் சாத்திவிடலாமா என்று தோன்றும். அப்படிப் பேசி ஒரு பை நிறைய வாங்கினேன். பாதி டேங்குக்குள், மீதி சீட்டுக்கடியில். கல்யாணத்துக்குப் போக ஏறிய அம்மாள் மூக்கைப் பொத்திக்கொண்டார்: "ஏங்க, இது காரா, எங்க வீட்டு பீரோவா?"

பாலத்து இறக்கம்

இறக்கத்தில் எஞ்சினை அணைக்கச் சொன்னது உங்கள் அடுத்த உபதேசம். தோசைக்கல் மாதிரி கிடக்கும் காரைக்காலில் இறக்கத்துக்கு எங்கே போவேன்? அரசலாற்றுப் பாலம்தான் கிடைத்தது. உச்சியில் கியரை நியூட்ரலுக்குத் தள்ளிவிட்டுச் சாவியைத் திருப்பினேன். கீழே வைக்கோல் வண்டி குறுக்கே வந்தது. கியரின் பிடியும் இல்லை. பிரேக் மேல் ஏறி நின்று, மாட்டுக் கொம்புக்கு ஒரு சாண் தள்ளி நிறுத்தினேன். அப்புறம் கார் கிளம்பினால்தானே! வேட்டியை மடித்துக் கட்டித் தள்ளிய பயணி மூச்சு வாங்கக் கேட்டார்: "வாடகை நான் உனக்குத் தரணுமா, நீ எனக்குத் தரணுமா?"

மாயவரம் ரயில்

மரைக்காயர் ஒருவர் வளைகுடாவுக்குப் போகும் தன் வீட்டுப் பிள்ளைகளை என் காரில்தான் மாயவரம் ரயிலுக்கு அனுப்புவார். அந்தச் சவாரியை நம்பித்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. மூத்த மகன் துபாய்க்குப் புறப்பட்ட அன்று, வழியனுப்ப மரைக்காயரும் கூட வந்தார். பொறையார் தாண்டியதும் கார் இருமிவிட்டு நின்றது. கார்புரேட்டரைக் கழற்றினால், உங்கள் அந்துருண்டை கசடாக அடைத்துக்கொண்டிருக்கிறது. ரயில் போய்விட்டது. மரைக்காயர் கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவரோ பெட்டியை இறக்கிக்கொண்டே அமைதியாகச் சொன்னார்: "தம்பி, இனிமே உங்களுக்குப் பெட்ரோல் முழுசா மிச்சம். நாங்க பஸ்ல போய்க்கிறோம்."

காற்று

பட்ட பிறகுதான், பெட்ரோல் பங்கில் காற்றடிப்பவர் சொல்லி, டயரில் காற்றைச் சரியாக அடித்தேன். ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்தேன். கிளட்ச் மேலேயே காலை வைத்து ஓட்டுவதை விட்டேன். கூரைமேல் சும்மா கிடந்த கேரியரைக் கழற்றினேன். பறக்காமல் ஒரே சீராக ஓட்டினேன். மைலேஜ் நிஜமாகவே கூடியது! இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவரிடமே எகிறினேன். அவர் அசரவில்லை: "எப்ப வந்தாலும் பெட்ரோல் ரேட்டுக்குத்தாண்ணே சண்டை போட்டீங்க, காத்தைப் பத்தி எங்க கேட்டீங்க?"

மைலேஜ் இருக்கிறது, ஏறத்தான் ஆள் இல்லை. ஆகவே ஐயா, நாளைக்கே மரைக்காயர் வீட்டுக்குப் போய் "கெடுத்தது நான்தான்" என்று சொல்லி, என் சவாரியை எனக்கு மீட்டுக் கொடுங்கள்.